காளி ஹோகிதே

நாலரை மணி. அல்சூரில் நாய்கள்கூட
எழுந்திருக்கவில்லை.
லிஃப்டுக்குள் சைக்கிளை நட்டுக்குத்தலாக நிறுத்தி,
ரயிலடியில் உறவினரை அணைப்பதுபோல் அணைத்தபடி
ஐந்து மாடி இறங்கினேன்.
கண்ணாடியில் ஹெல்மெட் போட்ட கணக்காளர் ஒருத்தி.
திண்டு வைத்த கால்சட்டையில்
ஈரத்துணி கட்டிய குழந்தையின் நடை.

கீழே ரோஸ்லின்.
“பிரேக் பார்த்தியா?”
“பார்த்தேன்.”
“காத்து?”
“பார்த்தேன்.”
பார்க்கவில்லை.

மேக்ரி சர்க்கிளில் சிவப்பு.
புது ஷூ, பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஜாதி.
பணம் கொடுத்து வாங்கிய விலங்கு.
நின்றேன். கால் வரவில்லை.
வெட்டிய வாழை மாதிரி
அவசரமே இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்தேன்.
யோசிக்க நிறைய நேரம் இருந்தது:
அடுப்பை அணைத்தேனா,
அந்த ஆட்டோக்காரர் பார்க்கிறாரா.
பார்த்தார்.
பால் வேன்காரர் கண்ணாடியை இறக்கியே பார்த்தார்.
பச்சை விழுந்தபோது
நானும் விழுந்திருந்தேன்.

ஹெப்பாள் பாலத்தில்
விமானத்துக்குப் பிந்திய டாக்சிகள்
முழங்கையை உரசிப் போயின.
ரோஸ்லினின் சீட்டுக்கடியில் மினுங்கும் சிவப்புப் புள்ளி,
அது ஒன்றுதான் எனக்கு ஊர், திசை, எல்லாம்.

தேவனஹள்ளி தாண்டிச் சாலை பிரிந்ததும்
யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.
திராட்சைப் பந்தல்களுக்கடியில் மிச்ச இருட்டு.
செயின் மட்டும் தனக்குள் பேசிக்கொண்டது.
கழுத்துக்குள் சில்லென்று ஒன்று நுழைந்தது.
வேகம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.
ஆனாலும் அது
என் கால் செய்த காற்று.

அப்புறம் பின்சக்கரம் பெருமூச்சு விட்டது.

மாற்று ட்யூப் இருந்தது. பம்பும் இருந்தது.
பம்பின் வாயும் ட்யூபின் வாயும்
கல்யாண மண்டபத்துச் சம்பந்திகள்போல
முறைத்துக்கொண்டன, சேரவில்லை.
ரோஸ்லின் ஒன்றும் சொல்லாமல்
வாழைப்பழம் உரித்தாள்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளல்.
ஷூவின் அடி இரும்பு டக் டக்கென்று
லாடம் அடித்த மாடாக நடந்தேன்.
தகரக் கூரைக்கு முன்னால் முனிராஜண்ணா
பல் துலக்கிக்கொண்டிருந்தார்.
பிரஷை எடுக்காமலே டயரை ஒரு விரலால் அமுக்கினார்.
“காளி ஹோகிதே.”

அவர் பாஷையில் காளி என்றால் காற்று.
இருபது வருடமாக இங்கே வாடகை கொடுக்கிறேன், தெரியாதா?
ஆனாலும் தூக்கம் கலையாத தமிழ்க் காதுக்கு
அம்மன் கோபித்துக்கொண்டு
படியிறங்கிப் போனதாகத்தான் கேட்டது.
பக்தர்கள் இருவரும் கைகட்டி நின்றோம்.

அலுமினிய அண்டாவில் ட்யூபை முக்கினார்.
குமிழி. இன்னொரு குமிழி.
மலை உச்சியில் நின்று பார்ப்பதாக இருந்த சூரியன்
அந்த அழுக்குத் தண்ணீரில்
பொட்டுப் பொட்டாக உதித்து
டப்பென்று உடைந்துகொண்டிருந்தது.
நாங்கள் போட்டோகூட எடுக்கவில்லை.
“இல்லி,” என்றார். ஊசிபோல் ஒரு கம்பித் துணுக்கு.
ஐம்பது ரூபாய். வாயைக் கொப்பளித்துவிட்டு
டயரைத் தட்டினார்: “காளி ஃபுல்.”

மலையில் நான் நாலாவது வளைவு வரை.
ஐந்தாவது எப்படியிருக்கும் என்று
ரோஸ்லின் சொல்லித்தான் தெரியும்.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து
தொடைகளோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தபோது
ஒரு குரங்கு வந்து
கடலை மிட்டாயை வாங்கிக்கொண்டு போனது.
பிடுங்கியது என்று சொல்ல மாட்டேன்,
எதிர்க்கும் தெம்பு என்னிடம் இல்லை.

இறங்கும்போது
இரண்டு கையும் பிரேக்கில்.
பிறகு இரண்டே விரல்.
பிறகு, சரி, போகட்டும்.
காது நிறைய, சட்டை நிறைய, கண்ணில் நீர் வழிய,
தெரியாத வயல்களைப் பார்த்து
“காளீ!” என்று கத்தினேன்.

முன்னால் போன ரோஸ்லின் பதறித் திரும்பினாள்:
“மறுபடியுமா?”

பதில் சொல்ல
வாயில் இடமில்லை.